எதிரியாகிய நான்

ஆரணியில் நெய்த பட்டுச் சேலை காஞ்சிபுரம் பஸ் ஏறி இறங்கியதும் காஞ்சிப் பட்டாகிவிடும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். புவிசார் குறியீடு எங்களுக்கும் தனியாகக் கிடைத்துவிட்டது. ஆனாலும் கல்யாண வீட்டார் வாயில் வருவது காஞ்சிபுரம்தான். மனிதனுக்கும் இப்படி ஒரு பஸ் உண்டு என்பது 56 வயதில்தான் எனக்குத் தெரிந்தது. ஆரணி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் காகிதங்களில் என் பெயர் ‘எதிரி’. அதே நான் போளூர் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போய்த் திருவண்ணாமலையில் இறங்கினால் ‘மேல்முறையீட்டாளர்’. சரக்கு அதேதான். முத்திரைதான் வேறு.

அப்படி என்ன குற்றம் செய்தாய் என்று கேட்பீர்கள். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதைக் காட்டித்தான் மற்ற பையன்களை அடிப்பார். அந்தப் பெருமையில், எங்கே கோடு போட்ட இடத்தைப் பார்த்தாலும் பேனாவை எடுத்துவிடுவேன்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், சொந்தமாக நாலு தறி ஓட்டப்போவதாகக் கிளம்பினான். பாவுக்கும் ஊடைக்கும் பட்டு நூல் வேண்டும். கோரா வியாபாரி கடனுக்குத் தர ஒப்புக்கொண்டார். “மாமா, ஒரு செக் குடுத்தா போதும். சும்மா செக்யூரிட்டிக்கு” என்றான் மச்சான். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவேன். தொகை எழுதவில்லை, தேதி எழுதவில்லை. ஆகவே கடனும் இல்லை என்பது என் கணக்கு. மச்சான் நூல் வாங்கப் பெங்களூர் போனான். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

வியாபாரி 3,00,000 என்று எழுதி பாங்கில் போட்டார். செக் திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே கிடையாது. சட்டம் அவ்வளவு தாராளமாகத்தான் இருக்கிறது. நான் என்ன செய்தேன்? “வீட்ல ஆள் இல்லன்னு சொல்லுடி” என்று உள்ளேயிருந்து கத்தினேன். தபால்காரருக்கு அது தெளிவாகக் கேட்டிருக்கிறது. சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2007இலேயே சொல்லிவிட்டதாம். எனக்குச் சொல்லவில்லை.

செக் திரும்புவது கிரிமினல் குற்றமானது 1989 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து. ஏப்ரல் 1 என்பதைக் கவனியுங்கள். அதே வருஷம் செப்டம்பரில்தான் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். செய்யப்போகும் குற்றத்தையும், அப்பீலுக்கு அலையப்போகும் ஊரையும் ஒரே வருஷத்தில் எனக்காக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். நான்தான் கவனிக்கவில்லை.

கீழ்க்கோர்ட்டில் கேஸ் நடந்த கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. வாய்தா, கொரோனா, மறுபடி வாய்தா. ஒவ்வொரு தடவை நான் பயந்தபோதும் என் வக்கீல் தோளைத் தட்டி, “அப்பீல்ல பாத்துக்கலாம்” என்றார். கேஸ் ஆரம்பிக்கும் முன்பே அவர் இதைச் சொன்னபோது நான் யோசித்திருக்க வேண்டும். கடைசியில் ஆறு மாதச் சிறை, மூன்று லட்சம் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம். வீட்டில் அதைச் சொன்னேன். “எதையாவது வாங்கினா எதையாவது சும்மா குடுப்பாங்களே, அந்த மாதிரியா?” என்றாள் மனைவி.

அப்பீல் போட 30 நாள். அதுவரை தண்டனையை நிறுத்தி வைக்க இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். வீட்டு வரி ரசீதோடு வர வேண்டும் என்றதும் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு வீடே இல்லாமல் போய்விட்டது. மனைவியின் சித்தப்பா ஒருவர், அவளுடைய அழுகைக்குப் பயந்து வந்தார். இரண்டாவது ஆள் கிடைக்காமல் நான் கோர்ட் வாசலில் வேர்த்து நின்றபோது, வழக்குப் போட்ட கோரா வியாபாரியே என் அருகில் வந்து, “வேணும்னா நான் போடட்டுமா?” என்று கேட்டார். நல்ல மனுஷன். என் வக்கீல் எங்கள் இருவரையும் மாறி மாறி முறைத்தார்.

கடைசியில் வந்தவர் எங்கள் தறிக்காரர். 20 வருஷமாக எனக்கு நெய்கிறவர். இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நூலும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லி, சேலையை வாங்கி விற்பது என் வேலை. அதில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, சேலையை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குறை கண்டுபிடிப்பது. இழை விட்டிருக்கிறதா, கரை கோணியிருக்கிறதா, சாயம் ஏறி இறங்கியிருக்கிறதா? ஏதாவது ஒன்று இருந்தே தீரும். கூலியில் பிடிப்பேன். தீர்ப்பு வருவதற்கு முந்தைய வாரம்தான், முந்தியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓர் இழை விட்டிருக்கிறது என்று இதே மனிதரின் கூலியில் 300 ரூபாய் பிடித்திருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வரி ரசீதை நீட்டினார். நானும் அதைப் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன். அழகாகத்தான் போட்டேன்.

இனி வக்கீல் தேட வேண்டும். எங்கள் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து ‘அப்பீல்’ என்று சொன்னால் போதும். பொன்னி அரிசி மூட்டை தூக்குகிறவரிலிருந்து பாவு புணைகிறவர் வரை ஆளுக்கு ஒரு வக்கீல் சொல்வார்கள். என் நண்பர் ஒருவருக்குப் பழைய சினிமா பைத்தியம். “உனக்கு ஒரு எத்திராஜ் வேணும்யா” என்றார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் போயிற்று. வெளியே பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ தீபாவளி தாண்டித் தீபாவளி ஓடுகிறது, உள்ளே அவர். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்குத் திரும்பி வந்து, வி.எல்.எத்திராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. நண்பர் இதை ஒரு டீயில் தொடங்கி மூன்றாவது டீயில் முடித்தார். மூன்றுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் முறுக்கேறியது. பாகவதரும் நானும் ஒரே படகில் இருப்பதாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்து, “எத்திராஜ் மாதிரி ஒருத்தர் கெடச்சா போதும்” என்றேன். “எத்திராஜா? அது லேடீஸ் காலேஜ்ப்பா” என்றாள் மகள். அவள் சொன்னதும் சரிதான். 1948இல் அந்தக் காலேஜை ஆரம்பித்தவரும் அவரேதான். மறுநாள் நண்பரிடம், விடுதலைக்குப் பிறகு பாகவதர் என்ன ஆனார் என்று கேட்டேன். “அதுக்கப்புறம் படம் எதுவும் ஓடலை” என்றார். அன்று அவர் டீக்கு அவரையே காசு கொடுக்க வைத்தேன்.

சென்னை வக்கீல் ஒருவரை போனில் பிடித்தோம். அவர் கேட்ட தொகைக்கு, கோரா வியாபாரிக்குக் கடனையும் அடைத்து அவர் மகளுக்கு ஒரு முகூர்த்தப் பட்டும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். இலவச சட்ட உதவி இருக்கிறதே என்று யாரோ சொல்ல, அதையும் விசாரித்தேன். 1987ஆம் வருஷத்துச் சட்டம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாதாம். காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. அதாவது செக்கில் என் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தால் வக்கீல் இலவசம். நான் ஜெயிலுக்குள் போய்விட்டாலும் இலவசம். வெளியே இருக்கும், வரம்புக்கு மேல் வருமானம் காட்டியிருக்கும், மீசை வைத்த குடும்பத் தலைவன்தான் காசு கொடுக்க வேண்டும். “அப்ப உள்ள போயிட்டு அப்பீல் போடுங்களேன்” என்றாள் மனைவி. அவள் வேடிக்கையாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு வழியாகத் திருவண்ணாமலையில் ஒரு பெரியவரைப் பிடித்தோம். 70 வயதை நெருங்கியவர். நான் தயாராகப் போயிருந்தேன். ஒரு பை நிறைய ஆதாரம்: மச்சான் கைப்பட எழுதிய நூல் கணக்கு நோட்டு, அவன் பெங்களூரிலிருந்து அனுப்பிய பொங்கல் வாழ்த்து, கோரா வியாபாரி என் மகள் மஞ்சள் நீராட்டில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கும் போட்டோ. கதையையும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

“என் மச்சான் இருக்கானே சார்…” என்று தொடங்கினேன்.

அவர் கையை நீட்டி, “கட்டு” என்றார்.

முதல் வார்த்தையே பணமா என்று திகைத்துச் சட்டைப் பையைத் தொட்டேன். குமாஸ்தா என் கக்கத்திலிருந்த கேஸ் கட்டை உருவி அவரிடம் கொடுத்தார்.

அவர் படித்தார். கண்ணில் புரை போலிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் படித்தார். எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த பிடி அது. 30 வருஷமாக நான் பிடிக்கிற பிடி.

“நோட்டீசுக்குப் பதில் போட்டீங்களா?”

“வீட்ல இல்லன்னு…”

“நீங்க கூண்டேறி சாட்சி சொன்னீங்களா?”

“கூச்சமா இருந்துச்சு சார்.”

“மச்சானைச் சாட்சியா கூப்பிட்டீங்களா?”

“வீட்டுக்காரம்மா ஒத்துக்கலை.”

“கையெழுத்து உங்களுதா?”

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “என்னுதுதான் சார்!”

“கீழயும் இப்படித்தான் சந்தோஷமா சொல்லியிருக்கீங்க” என்று ஒரு பக்கத்தின் மூலையை மடித்தார்.

வெற்றுச் செக்தானே சார், தொகையை எழுதினது அவர்தானே என்று கேட்டுப் பார்த்தேன். எல்லா அப்பீல்காரர்களும் அங்கேதான் வந்து நிற்பார்கள் போல. 2019இல் பீர் சிங் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது என்றார். கையெழுத்து தன்னுடையது என்று ஒத்துக்கொண்டு வெற்றுச் செக்கைக் கொடுத்தாலும், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கொடுத்தவன் பொறுப்பு. அதைக் காட்ட வேண்டிய இடத்தில்தான் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

என் பையை மேஜைமேல் கவிழ்த்தேன். அவர் பாயசப் போட்டோவை மட்டும் எடுத்துப் பார்த்தார். “நல்லா இருக்கு. ஆனா அப்பீல்ல இதெல்லாம் செல்லாது. கீழ்க்கோர்ட் கட்டுல என்ன இருக்கோ அதுதான். புதுச் சாட்சியத்துக்கு 391ன்னு ஒரு பிரிவு இருக்கு. அதுக்குச் சரியான காரணம் சொல்லணும். சம்சாரம் விடலைங்கறது காரணம் ஆகாது.”

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அப்பீல் என்றால் என் நியாயத்தை உரக்கச் சொல்லப் பெரிய மேடை கிடைக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். கீழ்க்கோர்ட் கட்டோ தறியை விட்டு அறுத்து இறக்கிய சேலை. இனிமேல் ஓர் இழைகூடச் சேர்க்க முடியாது. தூக்கிப் பிடித்துக் குறை பார்க்கலாம், அவ்வளவுதான். தீர்ப்பில் குறை பார்க்க நான் காசு கொடுத்து வைத்த மனிதர், இரண்டு மணி நேரமாக என்னில்தான் குறை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபீஸ்?” என்றேன்.

அவர் சொன்ன தொகையை இங்கே எழுத முடியாது. மனைவி படிப்பாள், அவளிடம் அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். தொழில் புத்தி போகுமா? “தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ்லயே 30 சதவீதம் தள்ளுபடி குடுக்கறாங்க சார். நம்மகிட்ட ஏதாச்சும் தள்ளுபடி…”

குமாஸ்தா பதறிப்போய் என் கையைப் பிடித்தார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “அப்பீல் போட வந்த எடத்துல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க.”

பேரம் படியாததால், அடுத்த முறை போகும்போது ஒரு பட்டுச் சேலையை மரியாதைக்குக் கொண்டுபோகலாம் என்று மனைவி யோசனை சொன்னாள். நல்ல யோசனை. நான் அதை என் வழக்கப்படி கெடுத்தேன். விற்காமல் கிடந்த அந்த 300 ரூபாய்ச் சேலை, அதுதான், முந்தியிலிருந்து ஒரு முழம் தள்ளி இழை விட்டது, அதையே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். வக்கீலுக்குப் பட்டைப் பற்றி என்ன தெரியும்?

வக்கீலுக்குத் தெரியாதுதான். அவர் வீட்டு அம்மா சேலையைப் பிரித்தார், வாசலுக்கு வந்தார், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். ஒரே நிமிஷம். “இங்க ஓர் இழை விட்டிருக்கே” என்றார். பிறந்த வீடு எது என்று மெல்லக் கேட்டேன். ஆரணி, கொசப்பாளையமாம்.

சேலை என்னோடு அதே பஸ்ஸில் திரும்பி வந்தது.

செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அதற்கும் ஜாமீன் வேண்டியிருந்ததால் தறிக்காரரும் என்னோடு திருவண்ணாமலை வந்தார். இழப்பீட்டுத் தொகையில் 20 சதவீதத்தை, அதாவது 60,000 ரூபாயை, 60 நாளுக்குள் கட்டச் சொல்லி உத்தரவு. 2018இல் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 148ஆம் பிரிவாம். என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். வராந்தாவில் வக்கீல் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத தறிக்காரர் கேட்டார்:

“ஐயா, எந்தத் தண்டனைக்கும் அப்பீல் உண்டுங்களா?”

“சின்னதுக்கெல்லாம் கிடையாதுப்பா. மாஜிஸ்திரேட் 100 ரூபா வரைக்கும் ஃபைன் மட்டும் போட்டா அப்பீலே இல்ல. 376ஆம் பிரிவு.”

“எனக்கு முன்னூறுங்க. முதலாளி போட்டாரு. நான் எங்க அப்பீல் போறது?”

வக்கீல் என்னைப் பார்த்தார். அவர் வீட்டு அம்மா இழை விட்ட சங்கதியைச் சொல்லாமலா இருந்திருப்பார்? நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.

அதன் பிறகு வாய்தாக்கள். ஆரணியிலிருந்து காலையில் கிளம்பும் பஸ்ஸில் எனக்கும் கோரா வியாபாரிக்கும் ஒரே சீட். முதலில் வருகிறவர் துண்டு போட்டு இடம் பிடிப்பார். போளூரில் இறங்கி டீ. ஒரு முறை அவர் டிக்கெட், ஒரு முறை நான். கேஸைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஓர் ஏற்பாடு. மச்சானைத் திட்டலாம் என்று இன்னோர் ஏற்பாடு. ஒரு வாய்தா பௌர்ணமியில் விழுந்தது. திரும்ப பஸ்ஸில் ஏற முடியவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனோம். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் அவர் அப்பீல் தள்ளுபடியாக வேண்டும் என்றும், நான் அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டு கற்பூரம் ஏற்றினோம். கற்பூரம் இருவருக்கும் சேர்த்து அவர் வாங்கியது.

எட்டு லிங்கமும் முடிந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவர்தான் ஆரம்பித்தார். “எனக்கும் முட்டி வலிக்குதுங்க. சமாதானமா முடிச்சிக்கலாமா?”

செக் கேஸை எந்தக் கட்டத்திலும் ராஜியில் முடிக்கலாம். 147ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. 2010இல் தாமோதர் பிரபு வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு விலைப்பட்டியலே போட்டுவிட்டது. 2025இல் மாற்றும்வரை பட்டியல் இப்படித்தான் இருந்தது: முதல் ஒன்றிரண்டு வாய்தாவில் ராஜியானால் செலவுத்தொகை கிடையாது. அதற்குமேல் மாஜிஸ்திரேட் முன்னால் என்றால் செக் தொகையில் 10 சதவீதம். செஷன்ஸுக்கோ ஹைகோர்ட்டுக்கோ வந்தபின் 15. சுப்ரீம் கோர்ட் வரை போய் மனம் மாறினால் 20. எனக்கு 15. அதாவது 45,000. இதையும் மூன்று லட்சத்தையும் வக்கீல் ஃபீஸையும் பஸ் சார்ஜையும் மனைவி காலண்டரின் பின்பக்கத்தில் கூட்டினாள்.

“அன்னைக்கே தபால்காரர்கிட்ட அந்தக் காகிதத்தை வாங்கியிருந்தா?” என்றாள்.

“உன் தம்பி அன்னைக்கே…” என்று நான் ஆரம்பித்தேன்.

“என் தம்பியை இதுல இழுக்காதீங்க” என்றாள். கணக்கு அதோடு முடிந்தது. செக் புக் அன்றிலிருந்து அவள் நகைப்பெட்டியில், சாவி அவள் இடுப்பில்.

ராஜி பதிவாகித் தண்டனை ரத்தானது. இந்தக் கேஸால் எனக்கு மிஞ்சியது மனப்பாடமான பிரிவு எண்கள்தான். டீக்கடையில் 374, 389, 391 என்று அடுக்கினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைக்குப் புதுச் சட்டம். 374 என்பது 415 ஆயிற்று. 389 என்பது 430. படிப்பெல்லாம் வீண்.

போன வாரம் தறிக்காரர் சேலை கொண்டுவந்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. பழக்கத்தில் வாசலுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன். கரையை ஒட்டி ஓர் இழை விட்டிருந்தது. முன்னூறு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

100 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார். நூறு வரைக்கும் அப்பீல் கிடையாது என்று வக்கீல் சொன்னபோது அவரும் அந்த வராந்தாவில் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.